குடிமகன் என்னும் சொல்: ‘மண்டேலா’ திரைப்படத்தை முன்வைத்து



நினைவுரை என்றால் கனமான பொருளைத்தான் பேசவேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவ்வாண்டு நாம் ஒரு சிரிப்புப் படத்தைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். மறைந்தவர்களை நினைவுகூரும் மேடையில் சிரிப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சாவு வீட்டில் பறை அடிக்கிறவரும் ஆடுகிறவரும் நம் மக்கள்தாம். அங்கே அழுகையும் கேலியும் சேர்ந்தே நடக்கும் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துயரத்தின் நடுவில் எழும் அந்தச் சிரிப்பைத்தான் இன்று ‘டார்க் காமெடி’ என்கிறார்கள். தமிழில் அவல நகைச்சுவை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பில் நாம் எங்கே இருக்கிறோம், சிரிக்கிறவராகவா, சிரிக்கப்படுகிறவராகவா என்பதே இன்றைய பேச்சு.

எடுத்துக்கொண்ட படம் ‘மண்டேலா’. மடோன் அஸ்வின் இயக்கி, யோகி பாபு நடித்த படம். 2021 ஏப்ரல் 4ஆம் தேதி திரையரங்குக்கு வராமல் நேரடியாக விஜய் தொலைக்காட்சியில் வந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான விருதையும் வசனத்துக்கான விருதையும் இப்படம் பெற்றது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். சூரங்குடி என்றொரு ஊராட்சி. வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊர். பொதுக் கழிப்பறைகூட யாருக்கு என்ற சண்டையில் சிக்கிக்கொள்கிறது. மரத்தடியில் முடிவெட்டிப் பிழைக்கும் ஒருவரை ஊரார் ‘இளிச்சவாயன்’ என்கிறார்கள். கொஞ்சம் நாகரிகமாக ‘ஸ்மைல்’ என்கிறார்கள். ஊரின் ஏவல் வேலைகளெல்லாம் அவர் தலையில். அவருக்குத் துணை ‘கிருதா’ என்றொரு சிறுவன் மட்டுமே. சேமிப்பைப் போட்டுவைக்க அஞ்சலகத்துக்குப் போகிறார். பெயர் கேட்கிறார்கள், பெயர் இல்லை. அடையாள அட்டை கேட்கிறார்கள், அதுவும் இல்லை. அங்கே வேலை செய்யும் தேன்மொழி அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் கொடுத்து, அரசு ஆவணங்களும் கிடைக்கச் செய்கிறார். ஊராட்சித் தேர்தல் வருகிறது. தலைவரின் இரு மகன்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். வாக்குகளை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாக்கு, நேற்றுவரை பெயரில்லாமல் இருந்தவரின் வாக்கு.

இங்கே ஒரு சொல்லை நாம் நின்று கவனிக்கவேண்டும். நம் கிராமங்களில் முடிதிருத்துகிறவரையும் வண்ணாரையும் ‘குடிமகன்’ என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்றும் பெரியவர்கள் வாயில் வருகிறது. ஊர்க்குடிகளுக்குப் பரம்பரையாகத் தொழில் செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் பொருள். கூலி கிடையாது, அறுவடைக்குத் தானியம், வீட்டுக்கு வீடு சோறு. 1950 ஜனவரி 26க்குப் பிறகு அதே ‘குடிமகன்’ என்ற சொல் இன்னொரு பொருளில் நம் பாடப்புத்தகங்களுக்குள் வந்தது. உரிமை உள்ளவர், வாக்கு உள்ளவர், சட்டத்தின்முன் சமமானவர் என்பது அந்தப் பொருள். ஒரே சொல், இரண்டு உலகங்கள். ‘மண்டேலா’ படத்தின் மொத்தக் கதையையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நாம் இப்படிச் சொல்வோம்: ஒரு பொருளில் குடிமகனாக இருந்தவர் இன்னொரு பொருளில் குடிமகன் ஆகிறார்; அது ஊருக்குத் தாங்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று பாபாசாகேப் ஆற்றிய உரையின் சாரமும் இதுவே. அரசியலில் சமத்துவத்துக்குள் நுழைகிறோம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மையோடு இருக்கப்போகிறோம். இந்த முரண்பாட்டை விரைவில் தீர்க்காவிட்டால் கட்டிய ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்று அவர் எச்சரித்தார். அந்த முரண்பாட்டைக் கண்ணீராகவும் காட்டலாம், கோபமாகவும் காட்டலாம். மடோன் அஸ்வின் அதைச் சிரிப்பாகக் காட்டினார்.

படத்தின் பெயரும் ஏதோ வேடிக்கைக்கு வைத்தது என்று கடந்துவிட முடியாது. 27 ஆண்டுகள் சிறையில் கிடந்த நெல்சன் மண்டேலா, தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு தேசியத் தேர்தலில் வாக்களித்தது 1994 ஏப்ரல் 27 அன்று, டர்பன் அருகிலுள்ள ஓலாங்கே பள்ளியில். அப்போது அவருக்கு வயது 75. தன் நாட்டுக்குத் தலைவராகத் தகுதி படைத்த மனிதருக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைக்க 75 வயதாயிற்று. சூரங்குடியின் மண்டேலாவும் நடுவயதில்தான் முதல் வாக்கைப் பார்க்கிறார். பெயரை ஒட்டிப் படம் நம்மைச் சிரிக்கவைக்கிறது. சிரித்து முடித்தபின் இந்தக் கணக்கு உறைக்கிறது.

இனி, பிரதிநிதித்துவம் என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு படத்தில் நம்மைப் போன்ற முகம் தெரிந்துவிட்டால் போதும், பிரதிநிதித்துவம் வந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் சினிமாவில் நம் முகத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கறுத்த உடல், கலைந்த முடி, துருத்திய பல், குடிசை, சாராயம் எல்லாம் காமெடி டிராக்கில் நிறையவே இருந்தன. அடிவாங்குகிறவருக்கு அந்த உடல், அடிக்கிறவருக்கு வசனம், பார்க்கிறவருக்குச் சிரிப்பு. யோகி பாபு மக்களிடம் அடையாளம் பெற்றதே 2014இல் வந்த ‘யாமிருக்க பயமே’ என்ற பேய்ச் சிரிப்புப் படத்தில்தான். அதில் அவருடைய பாத்திரத்தின் பெயர் ‘பன்னி மூஞ்சி வாயன்’. அதன்பின் எத்தனையோ படங்களில் அவருடைய முடியும் முகமும் நகைச்சுவையின் மூலதனம் ஆயின. பன்னி மூஞ்சி வாயனிலிருந்து நெல்சன் மண்டேலா வரை ஏழு ஆண்டுகள். நடிகர் அதே ஆள், முகமும் அதே முகம். கேமராவின் நோக்கு மட்டும் மாறியது. ‘மண்டேலா’வில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி எந்தக் காட்சியும் நம்மை ஏவவில்லை என்று சொல்லமாட்டோம், ஆனால் ‘இளிச்சவாயன்’ என்று அழைக்கிறவர்கள் யார் என்று படம் திரும்பிப் பார்க்கிறது. சிரிப்பின் முனை ஊரின் பக்கம் திரும்புகிறது. பதவிக்காகச் சலுகைகளைக் கொட்டுவதும், காரியம் ஆகாதபோது அடிக்கக் கை ஓங்குவதுமாக, கோமாளி ஆவது ஊர்தான்.

கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதான். ராஜாவின் பக்கத்திலேயே நின்று ராஜாவை இறக்கிப் பேசுவான். அந்தச் சிரிப்புக்கு எதிர்ப்பின் வேலை உண்டு. மேலிருந்து கீழ்நோக்கி வரும் சிரிப்பு அவமதிப்பு. கீழிருந்து மேல்நோக்கிப் போகும் சிரிப்பு விமர்சனம். மாணவர்கள் ஒரு படத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: சிரிப்பு எந்தத் திசையில் போகிறது?

இரண்டாவது கேள்வி: அந்தப் பாத்திரத்துக்குப் பெயரும் ஆசையும் முடிவெடுக்கும் உரிமையும் உண்டா? மண்டேலாவுக்கு ஒரு சலூன் கட்டவேண்டும் என்ற ஆசை உண்டு. தன் வாக்கின் விலை தெரிந்ததும் முதலில் தனக்கென்று கேட்கிறார். அடிபட்டபின் ஊருக்கென்று கேட்கத் தொடங்குகிறார். அவர் தியாகியாகப் பிறக்கவில்லை. சலுகையைச் சுவைக்கிறார், ஏமாறுகிறார், பயப்படுகிறார், பிறகு நிமிர்கிறார். ஒடுக்கப்பட்டவரைக் குற்றமே இல்லாத பாவப்பட்ட ஜீவனாகக் காட்டும் படங்களைவிட இது மேல். தவறு செய்யும் உரிமையும் மனித உரிமைதான்.

மூன்றாவது கேள்வியில்தான் நமக்குச் சிக்கல் வருகிறது. சாதி பெயரோடு பேசப்படுகிறதா?

சூரங்குடியில் இருப்பது வடக்கு, தெற்கு என்ற இரண்டு திசைகள். எந்தச் சாதி என்று படம் சொல்வதில்லை. தணிக்கை, வழக்கு, திரையரங்கு மறிப்பு என்று தயாரிப்பாளருக்கு ஆயிரம் அச்சம் இருக்கும். அது நமக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சாதி என்பது இரண்டு பேர் சமமாக நின்று போடும் சண்டை இல்லையே. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஏணி என்றல்லவா பாபாசாகேப் நமக்கு விளக்கினார். வடக்கும் தெற்கும் சமபலத்தோடு மோதினால் அது பங்காளிச் சண்டை. நம் ஊர்களின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்காலோ முந்திரித் தோப்போ தார்ச்சாலையோ. சூரங்குடியின் வரைபடத்தில் அந்தச் சேரி அடையாளம் காட்டப்படவில்லை.

இதை ஒரு சின்ன நடைமுறைக் கேள்வியாகக் கேட்டுப் பார்ப்போம். மண்டேலா யார் யாருக்கு முடி வெட்டுவார்? படத்தில் இரண்டு பக்கத்தாருக்கும் வெட்டுகிறார். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: உள்ளூரில் நமக்கு முடிவெட்டமாட்டார்கள். வெட்டக்கூடாது என்று அவருக்கு ஊரின் உத்தரவு. மீறினால் அவருக்கு ஊர்ச்சோறு நின்றுவிடும். நாங்கள் பேருந்து ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய், எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அப்போதெல்லாம் நம் கோபம் கத்தரி பிடித்தவர்மேல்தான் போயிற்று. அவரும் கொல்லைப்புற வழியாகத்தான் ஊர் வீடுகளுக்குள் போகிறவர் என்பது நமக்குப் பிறகுதான் புரிந்தது. ஏணியின் கடைசிப் படியும் அதற்கு மேல்படியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, மேலே இருக்கிறவர் நிம்மதியாக இருந்தார். ‘மண்டேலா’ படத்துக்கு முடிதிருத்தும் தொழில் செய்கிறவர்களின் அமைப்புகளிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. தங்கள் சமூகத்தை இழிவாகக் காட்டுகிறது என்றார்கள். படத்தை விரும்பிய நம்மில் பலர் அந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ளாதவர்களின் கூச்சல் என்று ஒதுக்கினோம். அது நம் தவறு. அவமதிப்பை நினைவுபடுத்தும் காட்சியை, அது அவமதிப்பை எதிர்க்கவே எடுக்கப்பட்டிருந்தாலும், வெளியார் உட்கார்ந்து சிரித்துப் பார்க்கும்போது சம்பந்தப்பட்டவருக்கு வலிக்கும். அந்த வலியைக் கேட்டபின்தான் படம் நல்லதா என்ற விவாதம் தொடங்கவேண்டும்.

நமக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 2012 மே மாதம், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் பிரச்சினை ஆயிற்று. 1949இல் சங்கர் வரைந்தது. அரசமைப்புச் சட்டம் என்ற நத்தையின்மேல் பாபாசாகேப் சாட்டையோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கி நிற்பார். அன்று மக்களவையில் அதை எழுப்பியவர் நம் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினர் தொல். திருமாவளவன். படம் நீக்கப்பட்டது; பாடநூல் ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினார்கள்; கருத்துச் சுதந்திரம் போயிற்று என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். சங்கருக்கு இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா என்பதை மட்டும் வைத்து அந்த விவாதம் நடந்தது. வகுப்பறையில் நாற்பது பேர் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, அதில் மூன்று நான்கு பேர் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. நாம் தடை கேட்கிற கூட்டம் என்று பெயர் எடுக்க விரும்பவில்லை. சிரிப்பு எழும் அறையில் எல்லாரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைச் சொல்கிறோம்; அவ்வளவே.

நான்காவது கேள்வி: படத்துக்கு வெளியே உள்ள உண்மை, படத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா?

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் விடமாட்டார்கள். அப்படியே யாரேனும் நிறுத்தப்பட்டு வென்றால், பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதமும் கொடுத்துவிட வேண்டும். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. ஒரு திரைக்கதை ஆசிரியர் இதை எழுதிக்கொண்டு போனால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2006இல்தான் அந்த நான்கிலும் தேர்தல் முறையாக நடந்தது. மேலவளவில் அந்தச் சிரிப்புக்கும் இடமில்லாமல் போயிற்று. 1997 ஜூன் 30 அன்று, தலைவர் பதவியில் அமர்ந்த குற்றத்துக்காக முருகேசனும் உடன் இருந்தவர்களும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். 2020இல் பக்கத்து மாவட்டமான கடலூரின் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட புகைப்படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம்.

வெளியூர்க் கதை எதற்கு, நம் செந்துறைக்கே வருவோம். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை ஒட்டி எழுந்த தகராறில் தலித் குடியிருப்புக்குள் சாதி இந்துக்கள் புகுந்து வீடுகளைத் தாக்கினார்கள். ஓடுகள் நொறுங்கின, வண்டிகள் நொறுங்கின, மக்கள் காயப்பட்டார்கள். தேர்தல் முடிவு வந்தபோது சிதம்பரம் தனித் தொகுதியில் பானைச் சின்னம் வென்ற வாக்கு வித்தியாசம் 3,219. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் இது ஒரு கைப்பிடி. ஒவ்வொரு வாக்கும் ஏன் அவ்வளவு அச்சத்தையும் வெறியையும் கிளப்புகிறது என்று கேட்டால் இந்த எண் பதில் சொல்லும். சூரங்குடியில் ஒரு வாக்குக்காக ஒரு மனிதரைச் சுற்றி ஊரே ஆடுவதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் கற்பனை என்று சிரிக்கலாம். பொன்பரப்பியைப் பார்த்தவர்களுக்கு அது செய்தி.

அந்தச் செய்தியில் இல்லாத ஒன்றையும் படம் தருகிறது. சூரங்குடியில் கடைசியில் ஊர் மக்கள் மண்டேலாவின் பக்கம் வருகிறார்கள். நம் அனுபவம் அப்படி இல்லை என்று கோபப்படலாம். அப்படி வரவேண்டும் என்று ஒரு கலைஞர் விரும்பினார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாம் இரண்டையும் சொல்வோம்: விருப்பம் நல்லது; ஆனால் அந்த விருப்பம் நிறைவேற இடையில் இருக்கும் வேலையைப் படம் தாண்டிப் போகிறது. ஒருவர் மனம் மாறி, ஊர் மனம் மாறி வந்த நியாயம் நம் வரலாற்றில் குறைவு. வழக்கு, மறியல், ஆட்சியர் அலுவலக மனு, இட ஒதுக்கீடு, சங்கம் என்று வந்ததே அதிகம்.

ஐந்தாவது கேள்வி: கேமராவுக்குப் பின்னால் யார்? அமெரிக்காவில் ஜோர்டன் பீல் 2017இல் எடுத்த ‘கெட் அவுட்’ படம், கறுப்பின இளைஞனை அன்போடு வரவேற்கும் வெள்ளையர் வீட்டின் உள்ளே இருக்கும் பயங்கரத்தைக் கேலியும் திகிலுமாகச் சொன்னது. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் பீல். நல்லவர்கள் போலப் பேசுகிறவர்களின் சின்னச் சின்ன வார்த்தைகளில் ஒளிந்திருக்கும் நஞ்சை அனுபவித்தவர்தான் அப்படி எழுதமுடியும். இங்கே பா. இரஞ்சித்தும் மாரி செல்வராஜும் வந்தபின் நம் வாழ்க்கை நம் கண்ணால் திரைக்கு வந்தது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படத்தில், பல ஆண்டுகள் அடிவாங்கியே நம்மைச் சிரிக்கவைத்த வடிவேலு, தனித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினராக வந்தார். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருக்கும் அந்த மனிதரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அவல நகைச்சுவை என்ற வகையில் நம் ஆட்கள் இன்னும் அதிகம் வரவில்லை. நம் படைப்பாளிகளிடம் அழுகையும் கோபமும் எதிர்பார்க்கப்படுகின்றன. நம் தெருவில் புழங்கும் நையாண்டி, ஊரையே கிழித்துத் தொங்கவிடும் நம் அத்தைகளின் கேலி, திரைக்கு வர இன்னும் காத்திருக்கிறது.

பன்மை என்று பேசும்போது நம் வீட்டையும் பார்க்கவேண்டும். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி திருநங்கையாக நடித்ததற்குத் தேசிய விருது கிடைத்தது. குழந்தைகளைக் கடத்தியதாக அந்தப் பாத்திரத்தைச் சொல்லவைத்ததைத் திருநங்கையர் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தின்போது நம் அரங்குகளில் எத்தனை பேர் துணைநின்றோம்? ‘மண்டேலா’வில் பெயர் கொடுத்து ஆவணம் வாங்கித்தரும் தேன்மொழிக்கு அதற்குமேல் ஒரு வாழ்க்கை படத்தில் இல்லை என்பதை நம் ஆண் தோழர்களில் எத்தனை பேர் கவனித்தோம்? தலித் மக்களுக்கே துணி வெளுக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட புதிரை வண்ணார்களுக்கு 2009இல்தான் ஒரு நலவாரியம் வந்தது. அவர்களுடைய ‘குடிமகன்’ நாட்களில் நாமும் ஒரு ஊராக இருந்தோம். நமக்குக் கீழே ஒரு மண்டேலாவை நாம் நிற்கவைத்திருந்தால், இந்தப் படம் நம்மைப் பார்த்தும்தான் சிரிக்கிறது.

மாணவ நண்பர்களே, ஐந்து கேள்விகளையும் தொகுத்துத் தருகிறோம். சிரிப்பு எந்தத் திசையில் போகிறது? பாத்திரத்துக்குப் பெயரும் ஆசையும் முடிவும் உண்டா? சாதி பெயரோடு பேசப்படுகிறதா? வெளியே உள்ள உண்மையோடு படம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே தாண்டிப் போகிறது? கேமராவுக்குப் பின்னால் யார்? இந்த ஐந்துக்கும் ஒரு படம் முழு மதிப்பெண் வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ‘மண்டேலா’ முதல் இரண்டில் நன்றாகத் தேறுகிறது, மூன்றில் தயங்குகிறது, நான்கிலும் ஐந்திலும் நம்மை விவாதிக்கவைக்கிறது. நல்ல படம் என்றே நாம் அதை மதிப்பிடுகிறோம். நல்ல படத்தைத்தான் இவ்வளவு நேரம் விமர்சிக்கவும் முடியும்.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க நம் அரங்கத் தோழர்கள் உதவுவார்கள். உங்கள் தெருவில் முடிவெட்டுகிறவர், துணி தேய்க்கிறவர், சூளையில் வேலை செய்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவர் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும்போது அவரை ஊரார் வைத்த பட்டப்பெயரால் கூப்பிடாதீர்கள். அவருடைய பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஜெய்பீம்.